மெட்ரோனோம் வேண்டாம் என்றவர்

செப்டம்பர் 3, ஞாயிறு

இந்த நோட்டில் இதுவரை ப்ளவுஸ் அளவுகள் மட்டும்தான் எழுதிவந்தேன். இன்று மனது கொதிக்கிறது. அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னை நன்றாக மாட்டிவிட்டார். எங்கள் வேதக்கோயிலில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த பிரின்ஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. டிரம்ஸை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருக்கிறார்கள். நவம்பர் கடைசி ஞாயிறு பிரதிஷ்டைப் பண்டிகை. வெளியூரில் இருப்பவர்கள்கூட வந்து பாடி, பந்தலில் உட்கார்ந்து அசனம் சாப்பிட்டுவிட்டுப் போகிற நாள். அதற்குள் யாரைப் பிடிப்பது என்று பேச்சு வந்தது. பாடகர் குழுவை நடத்துகிற ஹெப்சிபா டீச்சர் நாலு பெயர் சொன்னாள். ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த இவர் திரும்பாமலே, "நம்ம வயலட் அடிப்பா" என்றார்.

பின்வரிசையில் நின்று பாடுகிறவள் நான். டிரம்ஸ் குச்சியைக் கையால் தொட்டதில்லை.

கோயில் வாசலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டேன். "அம்பத்து மூணு வயசுல என்னைய டிரம்ஸ் அடிக்கச் சொல்லுதீயளே அத்தான், ஊரு சிரிக்காதா?"

"முப்பது வருசமா தையல் மிஷின் மிதிக்க. உன் கால் மாதிரி சீரான கால் பாளையங்கோட்டையிலயே கிடையாதுட்டி" என்றார்.

கோபமாக இருக்கும்போது புகழ்ந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? போய் மட்டன் குழம்பு வைத்தேன்.

செப்டம்பர் 6, புதன்

பழைய டயர் டியூபை வெட்டிப் பலகையில் அடித்து, பழகுவதற்கு ஒரு தட்டு செய்து கொடுத்தார் அத்தான். நாலு ஆணி அடிக்க மத்தியானம் முழுக்க ஆனது. பொதுப்பணித் துறையில் கிளார்க்காக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். அவருக்கு என்ன அவசரம்?

பிரின்ஸ் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கற்றுக்கொடுத்தான். வலது கை எட்டு முறை, இடது கை இரண்டிலும் நாலிலும், வலது கால் ஒன்றிலும் மூன்றிலும். கால் உடனே வந்துவிட்டது. கைதான் மாவு பிசைகிறது.

செப்டம்பர் 9, சனி

முதல் ஒத்திகை. நான் முக்காலியில் ஏறி உட்கார்ந்ததும் மேல்குரலில் பாடுகிற சோப்ரானோ பெண்கள் கைதட்டினார்கள். நல்லதுக்கா கேலிக்கா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

முடிந்ததும் ஹெப்சிபா, "மெட்ரோனோம் வச்சுத்தானே அக்கா பழகுதீங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டு மெட்ரோனோமை இந்தச் சபையில் தெரியாதவர் கிடையாது. கூம்பு போல ஒரு மரப்பெட்டி. சாவி கொடுத்தால் நடுவில் ஒரு கம்பி அசைந்து டக் டக் என்று தாளம் சொல்லும். அதன் முன்னால் உட்கார வைத்துத்தான் இருபத்தைந்து வருஷமாக இவர் எல்லோருக்கும் ஆர்கன் கற்றுக்கொடுத்தார். ஹெப்சிபாவும் அதன் முன்னால் அழுதவள்தான்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தான், "வேண்டாம். ஆரம்பத்துலயே மிஷினைக் கேட்டா காது மந்தமாயிரும். முதல்ல காது பழகட்டும்" என்றார்.

ஹெப்சிபா வாயைப் பிளந்துவிட்டாள். "அண்ணன், எங்களையெல்லாம் அது இல்லாம ஒரு விரல் வைக்க விட்டிருக்கீங்களா?"

"அது ஆர்கன். இது டிரம்ஸ்" என்றார்.

எனக்குக்கூட அது ஒரு பதிலாகத் தோன்றவில்லை. ஆனால் மற்றவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்கலாமா? ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

தீபாவளி ப்ளவுஸ்கள் வரத் தொடங்கிவிட்டன. எதிர்வீட்டு ராஜேஸ்வரிக்கு உயரம் பதினாலரை, கழுத்து பின்னால் ஒன்பது. அத்தான் தனக்கு இனிமேல் சட்டை வேண்டாம், ஜிப்பா தைத்துக் கொடு என்கிறார். பொத்தான் தொந்தரவாம். நாற்பது வருஷமாக முழுக்கைச் சட்டை போட்டவருக்குத் திடீரென்று கவிஞர் ஆசை.

செப்டம்பர் 17, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து ஜெமிமா பேசினாள். என் மகளுக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. "அம்மா, முதல் நாள்ல இருந்தே மெட்ரோனோம் வச்சுப் பழகணும். இல்லன்னா ஓடுற பழக்கம் வந்துரும், அப்புறம் மாத்தவே முடியாது" என்றாள். புதிதாக டிரம்ஸ் அடிப்பவர்கள் தெரியாமலே வேகமாகப் போவதைத்தான் ஓடுவது என்கிறார்கள். போனிலேயே அந்த டக் டக் வருமாம், அதையும் சொல்லிக்கொடுத்து ஏற்ற வைத்துவிட்டாள்.

அத்தானிடம் சொன்னதற்கு, "அவ டிரம்ஸ் அடிச்சிருக்காளா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். குளியலறை வாசலில் போய் அப்படியே நின்றார். "உள்ள யாரும் இல்ல, போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

செப்டம்பர் 23, சனி

இன்று என் மானம் போயிற்று. பண்டிகைப் பாட்டில் இரண்டாம் சரணம் வரை சேர்ந்து போனோம். மூன்றாம் சரணத்தில் நான் ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம், பாடுகிறவர்கள் நடுவில். ஹெப்சிபா கையை உயர்த்தி நிறுத்தினாள். "வயலட் அக்கா, ஓடுதீங்க."

மறுபடி. மறுபடியும் மூன்றாம் சரணம். மறுபடியும் ஓடிவிட்டேன்.

அத்தான் பாட்டுப் பட்டியலைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அந்த எழுத்தைப் பார்த்து ஹெப்சிபா, "என்னண்ணே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றாள். பேப்பர் மிச்சமாகட்டும் என்றார்.

அக்டோபர் 2, திங்கள்

இரண்டு சனிக்கிழமை ஓடியாயிற்று. கூச்சமாக இருக்கிறது. காது பழகும் என்று காத்திருந்தால் பண்டிகை வந்து போய்விடும். "அந்தப் பெட்டியை எடுத்துக் குடுங்க அத்தான்" என்று கேட்டேன். ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றார்.

பிறகு பீரோவிலிருந்து கல்யாணப் புடவையை வெயிலில் போட எடுத்தேன். அதற்கு அடியில், ஒரு துண்டில் சுற்றி, மெட்ரோனோம் இருந்தது. சாவி கொடுத்துப் பார்த்தேன். டக் டக் என்று சமத்தாக ஆடுகிறது.

முப்பது வருஷத்தில் இவர் என்னிடம் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பெண்சாதி புடவைக்கு அடியில் ஒளித்து வைக்கிறவருக்குப் பொய் எங்கே வரும்? இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

அத்தான் நூலகத்துக்குப் போனதும் பெட்டியை எடுத்தேன். கம்பியில் உள்ள எடையை எழுபத்தாறில் நிறுத்தினேன். பண்டிகைப் பாட்டுக்கு அவரே பென்சிலால் குறித்துவைத்த வேகம் அது. நிமிஷத்துக்கு எழுபத்தாறு தட்டு.

கள்ளத்தனமாக ஒரு காரியம் செய்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாது.

அக்டோபர் 12, வியாழன்

ஒன்பது நாளாகப் பழகுகிறேன். நாலு சரணமும் பெட்டியோடு ஒட்டிப் போகிறது. ஒரு தட்டுக்கூட விலகவில்லை. பிரின்ஸிடம் அடித்துக் காட்டினேன். "ஆன்ட்டி, நான்கூட இவ்வளவு சீரா அடிச்சதில்ல" என்றான். சனிக்கிழமை எல்லோரும் பார்க்கட்டும்.

அக்டோபர் 14, சனி

ஓடிவிட்டேனாம்.

அக்டோபர் 16, திங்கள்

ஜெமிமாவுக்கு அனுப்புவதற்காகச் சனிக்கிழமை ஒத்திகையைப் போனில் பதிவு செய்திருந்தேன். எந்த இடத்தில் ஓடுகிறேன் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இன்று மத்தியானம் அதைப் போட்டு, பக்கத்தில் மெட்ரோனோமையும் ஓட விட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க நாலு தடவை முயல வேண்டியிருந்தது.

முதல் சரணம் எல்லோரும் பெட்டியோடு போகிறோம். இரண்டாம் சரணத்தில் ஆர்கனின் இடது கைச் சுரங்கள் கொஞ்சம் தாமதமாக விழுகின்றன. மூன்றாம் சரணத்தில் என் அடி பெட்டியோடு போகிறது. ஆர்கன் பின்னால் வருகிறது. ஆர்கனை நம்பிப் பாடுகிறவர்களும் பின்னால் வருகிறார்கள்.

பெட்டி பழசு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஜெமிமா ஏற்ற வைத்த போன் தாளத்தை வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையே சொல்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

இரண்டாவது ஜிப்பாவுக்குக் கழுத்துப் பட்டி வைத்தேன். ராஜேஸ்வரி ப்ளவுஸுக்குக் கொக்கி பாக்கி. அத்தான் கடைக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கை வீசுகிறது. இடது கை வீசவில்லை. பை அந்தக் கையில் இல்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 21, சனி

இன்று ஒத்திகையில் மூன்றாம் சரணத்தில் பாட்டு நின்றதும் ஹெப்சிபா குச்சியைக் கீழே வைக்கச் சொன்னாள். அவளுக்கும் பாவம், பண்டிகைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. "தப்பா நினைக்காதீங்க அக்கா. இந்த வருசம் டிரம்ஸ் இல்லாமலே பாடிருவோமா?"

என்னிடம் பதிவு இருக்கிறது. போனைத் தட்டினால் போதும். ஆனால் அத்தானின் முதுகு எனக்கு எதிரே இருந்தது, நான் தைத்த ஜிப்பாவுக்குள்.

"ஆமா டீச்சர், எனக்கு ஓட்டம் அடங்கமாட்டேங்கு. வயசான காலத்துல கத்துக்கிட்டா இப்படித்தான். நான் பின்வரிசைக்கே போயிருதேன்" என்று சொல்லிக் குச்சியைப் பையில் போட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆர்கன் மூடி டப்பென்று சாத்திய சத்தம் கேட்டது. அத்தான் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அவ ஓடல. நான்தான் பின்தங்குதேன்."

"ஈஸ்டர்ல இருந்தே அப்படித்தான். இடது கை சொன்னபடி கேக்கல. அவளைக் குத்தம் சொல்லாதீங்க. அவ அடிக்கதுதான் சரி" என்றார். ஹெப்சிபா போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. குச்சியைப் பையிலிருந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

மத்தியானம் முழுக்கப் பேசினோம்.

"பிள்ளைகளுக்கு வச்சுக் குடுக்கும்போது நானும் கூடவே வாசிப்பேன்லா. ஒருநாள் பெட்டி என்னைய விட்டுட்டு முன்னால போயிட்டு. பெட்டிதான் கெட்டுட்டுன்னு நினைச்சேன். கடிகாரக் கடையில குடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குன்னான்."

"நானும் பெட்டி மேலதான் பழி போட்டேன்" என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார்.

"டிரம்ஸுக்கு வேற யாரும் வந்தா மெட்ரோனோம் வச்சுப் பழகிட்டு வந்து நிப்பான். ஒரே வாரத்துல நான் பிடிபட்டுருவேன். நீன்னா என் கையைப் பாத்து அடிப்பே. நான் மெதுவாப் போனா நீயும் மெதுவா வருவே, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். அதான் மிஷின் வேண்டாம்னேன். முப்பது வருசமா வாசிச்சிட்டேன் வயலட். இந்தப் பண்டிகை ஒண்ணு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? ஆறு மாசமா இதை வச்சுக்கிட்டு ஒத்தையில இருந்திருக்கீய. நான் பொத்தானைப் பாத்துக் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று கத்திவிட்டேன். பிறகு அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதை ஜிப்பா பைக்குள் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அக்டோபர் 30, திங்கள்

நரம்பு டாக்டரிடம் போனோம். விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். அறைக்குள் நுழையும்போது வாசலில் அத்தான் அப்படியே நின்றதையும் கவனித்திருந்தார். பார்க்கின்சன் என்றார். முழுதாகக் குணமாகாது, ஆனால் மாத்திரையில் நன்றாகச் சமாளிக்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். கால் ஒட்டிக்கொண்டது போல நிற்கும்போது பக்கத்தில் யாராவது சீராகத் தாளம் தட்டினால் சிலருக்குக் கால் எழும்பும் என்றும் சொன்னார்.

"வீட்டுல மெட்ரோனோம் மாதிரி எதாவது இருக்கா?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததற்கு டாக்டருக்குக் காரணம் தெரியாது.

நவம்பர் 4, சனி

ஹெப்சிபா வீட்டுக்கு வந்தாள். பண்டிகைக்கு மற்றப் பாட்டுகளை அவள் வாசிப்பாள், தொடக்கப் பாட்டு மட்டும் அண்ணன் வாசிக்க வேண்டும் என்றாள். "என்னால கெட்டுப்போகும்மா" என்றார் அத்தான். "கெட்டா கெடட்டும். அதுக்காக வேற ஒருத்தர் வாசிச்சு நாங்க பவனியா உள்ள நடந்து வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள். அவளுடைய ஆசிரியருக்கே உத்தரவு போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். எனக்குப் பிடித்தது.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. இருபத்து மூன்று ப்ளவுஸும் கொடுத்தாயிற்று. ராஜேஸ்வரி அதிரசம் கொடுத்தாள். காலையில் மெட்ரோனோம் நடு வீட்டில் ஓட, அத்தான் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மாத்திரையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நிலைப்படி வந்தால் இன்னும் நிற்கிறார்.

நவம்பர் 25, சனி

நாளைக்கு. அத்தானுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். ஜெமிமா வந்திருக்கிறாள், வந்ததிலிருந்து அப்பாவின் இடது பக்கமாகவே நடக்கிறாள்.

நவம்பர் 26, ஞாயிறு

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். பண்டிகை அன்று மணி அடித்து ஓய்ந்ததும் ஆர்கன் வாசிப்பவர் பக்கத்து அறையிலிருந்து தனியாக வந்து உட்கார வேண்டும். அவர் தொடங்கிய பிறகுதான் பாடகர் குழு பெரிய வாசல் வழியாகப் பவனியாக உள்ளே வரும். டிரம்ஸ் அடிப்பவர் மட்டும் முன்னமே போய் உட்கார்ந்திருக்கலாம். நான் உட்கார்ந்திருந்தேன்.

மணி ஓய்ந்தது. அறைக் கதவு திறந்தது. வெள்ளை ஜிப்பாவில் அத்தான் வந்து, நிலைப்படியில் நின்றார்.

நின்றே விட்டார். ஆர்கனுக்கு எட்டு அடி இருக்கும். கோயில் நிறைய ஜனம். அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் தூக்கிவிடப் போகிறவர் போல எழுந்தார். அத்தானின் முகத்தில் வேர்வை. இடது கால் தரையை விட்டு வரவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரமில்லை. குச்சி இரண்டையும் தூக்கி ஒன்றோடொன்று தட்டினேன். டக். டக். டக். டக். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் டிரம்ஸ் அடிப்பவர் கொடுக்கிற எண்ணிக்கைதான். நாலோடு நிறுத்த வேண்டியதை நிறுத்தவில்லை. ஐந்தாவது தட்டுக்கு அவர் குதிகால் எழும்பியது. ஆறாவது தட்டுக்குப் படி தாண்டினார். தட்டுக்கு ஓர் அடியாக நடந்து வந்தார். எழுந்தவர் உட்கார்ந்துகொண்டார். இந்த வருஷம் பவனிக்குப் புது மாதிரி தொடக்கம் போலிருக்கிறது என்று ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பெரிய வாசலில் ஹெப்சிபா குழுவை நேராக நிறுத்தினாள்.

அத்தான் உட்கார்ந்து, ஜிப்பாவை இழுத்து விட்டுக்கொண்டு, என் பக்கம் சாய்ந்தார். "ஓடுத வயலட்" என்றார் மெதுவாக.

"எழுபத்தாறுதான் அத்தான். சந்தேகம்னா பெட்டியை எடுத்துட்டு வரச் சொல்லட்டா?"

சிரித்துக்கொண்டே தொடங்கினார்.

முதல் சரணம் எழுபத்தாறிலேயே போனது. இரண்டாம் சரணத்தில் அவர் இடது கையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். மூன்றாம் சரணத்தில் கை தளர்ந்தது. நானும் அவரோடு மெதுவானேன், குழுவும் மெதுவானது, பின்னால் நின்ற அத்தனை ஜனமும் மெதுவாகப் பாடியது. இந்தத் தடவை யாரும் யாரையும் விட்டுவிட்டு முன்னால் போகவில்லை.

அசனத்தில் கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்பு கொஞ்சம் கூடுதல். அத்தான் இரண்டு தடவை சோறு வாங்கினார்.

டிசம்பர் 4, திங்கள்

மெட்ரோனோமுக்குத் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தேன். ஆட்டினால் அது நின்றுவிடுகிறது என்று இரண்டே நாளில் தெரிந்தது. அதனால் காலை நடைக்கு நான் குச்சிகளை எடுத்துக்கொண்டு போகிறேன். தெருநாய்கள் முதலில் குரைத்தன, இப்போது பழகிவிட்டன.

இன்று பிரின்ஸ் போனில் பேசினான். மஸ்கட்டில் அவனோடு வேலை பார்க்கிற ஒரு பெண் டிரம்ஸ் பழகப் போகிறாளாம். முதலிலிருந்தே மெட்ரோனோம் வைத்துப் பழகலாமா என்று என்னிடம் கேட்கச் சொன்னாளாம். நானும் ஆள்தான் இப்போது!

"வைக்கச் சொல்லு. தினமும் வைக்கச் சொல்லு" என்றேன். "அப்பதான் கூட வாசிக்கவங்க பின்தங்கினா அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு என்ன ஆன்ட்டி செய்யணும்?"

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இடது காலுக்கு நேரமாகும். நான் காத்திருந்தேன்.

"பெட்டியை நிறுத்திட்டு, அவங்க கூடப் போகணும்" என்றேன்.